புல் விரிப்பதற்கு முன்னால்

சேலையூர், சென்னை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள விஜி,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு. திட்டி முடித்துவிட்டாயா? சரி. இவருக்கு முட்டி பரவாயில்லை, பிசியோதெரபி பையனைத்தான் தினம் மிரட்டுகிறார். பத்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். என்ன பெயர் என்று கேட்காதே, நாம் பயந்த அதே பெயர்தான்.

உன் புது வீட்டில் போடப்போகிற தோட்டம் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம். முன்பக்கம் முழுக்கக் கொரியன் புல், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல், மிச்சமெல்லாம் பேவர் பிளாக், காம்பவுண்டை ஒட்டி வரிசையாகக் கோனோகார்பஸ் மரம். புல்லில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பந்து விளையாடுகிறது. யாரடி அது?

சிரிக்கிறேனே தவிர, 2018-இல் நானும் இதையேதான் செய்தேன். அறுநூறு சதுர அடிப் புல். தினம் முந்நூறு லிட்டராவது குடித்தது. அடுத்த வருஷம் ஏரியெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடையில் லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய தண்ணீரை விடியற்காலையில், யாரும் எழுந்திருக்கும் முன், புல்லுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனவர், நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மூடிய குழாய்தான், பத்து நாளில் புல் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் கோயம்புத்தூருக்கு எங்கள் மழையில் பாதிதான் பெய்கிறது என்பதை யோசித்துப் பார். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தாலே தொள்ளாயிரம் லிட்டர் விழும். பேவரை நெருக்கிப் போட்டு அடியில் சிமென்ட் பூசிவிட்டால் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். வண்டிச் சக்கரம் படுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கல் போடு, நடுவில் மண்ணாகவே கிடக்கட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றதும், ஆபீசர் பார்வைக்கு ஒரு பைப்பை மட்டும் நட்டுவைத்த கதையெல்லாம் இந்த வீட்டில் வேண்டாம். குழியை உண்மையிலேயே வெட்டு.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். வேர் தண்ணீர்க் குழாய்க்குள் போகிறது, மகரந்தத்தால் மூச்சிரைப்பு என்று குஜராத்தில் 2023-லேயே தடை போட்டுவிட்டார்கள். உனக்கு வீசிங் வேறு. வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் வை. ஆடாதோடையை ஆடும் தொடாது, உன் மருமகளும் தொடமாட்டாள்.

என் மண் தேறி வர மூன்று வருஷம் பிடித்தது. பெருக்கிய இலையை எரிக்காமல் மாமரத்தடியில் கொட்டிக்கொண்டே வந்தேன். இந்தச் சித்திரை வெயிலில் மேலே அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, மணிக்கட்டு வரை கையை விட்டால் அடியில் சில்லென்று இருக்கிறது. மண்புழு ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது, நான் கத்தியதில் இவர் முட்டியை மறந்து ஓடி வந்துவிட்டார்! பாத்திரம் கழுவுகிற தண்ணீர் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் அப்படியே விடாதே, பவுடர் வாழை இலை ஓரத்தைக் கருக்கிவிட்டது. கடைசியாக அலசுகிற தண்ணீர் போதும்.

எல்லாம் அழகு என்று பொய் சொல்லமாட்டேன். முருங்கையை வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கம்பளிப்பூச்சியோடு மல்லுக்கட்டுகிறேன். போன ஐப்பசியில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. அது போய் இரண்டு மணி நேரமாகியும் இவர் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் என் தோட்டத்துக்குக் 'குப்பைமேடு' என்று பெயர்.

விஜி, ஒன்று கேட்டால் கோபப்படமாட்டாயே? அந்தப் புல் அண்ணாவுக்காகத்தானே? ரிட்டையர் ஆனதும் புல்லில் ஈஸிசேர் போட்டுப் பேப்பர் படிக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் இல்லாமல் அந்த வீட்டில் பால் காய்ச்சப் போகிறாய். இதை நினைக்காமல் உன்னைக் கிண்டலடித்துக்கொண்டே போகிறேன் என்று எண்ணாதே.

பத்துக்குப் பத்து போதும், அவர் நாற்காலிக்கு. வேப்பமரத்துக்குக் கிழக்கே, வெயில் படுகிற இடமாக விட்டுவை. கொரியன் வேண்டாம், நம் அருகம்புல்லே போதும். கோடையில் காய்ந்து கிடக்கும், முதல் மழைக்குத் தானே பச்சை பிடித்துக்கொள்ளும்.

கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. பதினெட்டாம் தேதி சேரன் எக்ஸ்பிரஸில் வருகிறேன். கல்வாழைக் கிழங்கு ஆறு, நொச்சிக் குச்சி ஒரு கட்டு, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வருவேன். ஸ்டேஷனுக்கு உன் பையனை அனுப்பு, போன தடவை மாதிரி தூங்கிவிடப் போகிறான்.

உன்,
மீனா