ஒரே கொப்பி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மூன்று மாதமாக எழுதாதது என் பிழைதான். உளநல, போதைச் சிகிச்சைக்காக நீ எழுதி அனுப்பிய திட்ட வரைவைப் படித்த பிறகு இன்னும் பேசாமல் இருப்பது சரியில்லை.

மாகாணத்திடம் கேட்கும் காசில் பாதிக்கு மேல் கட்டடத்துக்குப் போட்டிருக்கிறாய். உன் கல்லு மண் ஆசை இன்னும் விடவில்லை! ஆனால் என்னை உண்மையாகவே உலுக்கியது நான்காம் பக்கம்தான். உளநலத்துக்கு ஒரு தலைப்பு, போதைக்கு இன்னொன்று. ஆளணியும் பதிவேடும் கிளினிக் நாளும் வேறு வேறு.

மேலே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. போதைப்பொருளுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, மதுவுக்கும் புகையிலைக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகார சபை, உளநலத்துக்குச் சுகாதார அமைச்சு. உதவி கேட்டு அழைப்பதற்குக்கூட இரண்டு தொலைபேசி இலக்கம்: உளநலத்துக்கு 1926, போதைக்கு 1927. அதை நம்மால் மாற்ற முடியாது. கிளினிக் மேசையையும் ஏன் பிரிக்கிறாய்?

புல்மோட்டையில் குடிக்கிற ஒருவருக்கு நித்திரை இல்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்று வை. செவ்வாய் ஒரு கிளினிக், வெள்ளி இன்னொன்று. இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போகும். ஓரிடத்தில் 'முதலில் குடியை விட்டிட்டு வாங்க' என்பார்கள், மற்ற இடத்தில் 'முதலில் மனதைக் காட்டிட்டு வாங்க' என்பார்கள். இரண்டு கிளினிக்கின் நோயாளிக் கொப்பியிலும் டயசிபாம் என்ற நித்திரைக்கும் பதற்றத்துக்குமான குளிசை எழுதப்படும். எந்த வைத்தியரும் மற்றக் கொப்பியைக் காணமாட்டார். அந்தக் குளிசை சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும்.

ஆகவே ஒரே கொப்பி, ஒரே நாள் என்று எழுது. முதல் வருகையிலேயே தாதி ஒருவர் குடியை அளக்கிற ஓடிட் (AUDIT) பத்துக் கேள்வியையும் மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ. (PHQ-9) ஒன்பது கேள்வியையும் கேட்கட்டும். கால் மணித்தியாலம் போதும். ஓடிட்டில் 8 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் குடியைப் பற்றி மேலும் பேச வேண்டும். மற்றதில் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. கூச்சத்தில் அதைத் தாண்டுகிறார்கள், அதைத்தான் தாண்டவே கூடாது.

குடியை நிறுத்துவதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், சாதாரண வார்ட்டில் இரண்டு கட்டில் போதும். வலிப்பு வருவது கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள், பிதற்றலும் நடுக்கமும் மூன்றாம் நாளை ஒட்டி. இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து வீட்டில்தான் வரும். ஐந்து நாள் என்று கணக்குப் போடு. தயமின் (விற்றமின் பி1) ஊசி மருந்துப் பட்டியலில் கட்டாயம் வேண்டும். அது ஏறாமல் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசலை ஏற்றினால், மிச்சமிருக்கிற தயமினும் செலவாகி மூளை பழுதாகும். குடி நின்று இரண்டு, மூன்று வாரத்தில் அந்த ஒன்பது கேள்வியையும் திரும்பக் கேட்க வேண்டும். பலருக்கு மனச்சோர்வு தானாகவே இறங்கியிருக்கும், இறங்காதவருக்கு மருந்து. சாவைப் பற்றிப் பேசுகிறவரை மட்டும் ஒரு நாள்கூடக் காக்க வைக்காதே.

இனி நீ விட்டுவிட்ட செலவு: தேடிப் போகிற ஆள். கிளினிக்குக்கு வராதவரை ஒரு கிழமைக்குள் வீட்டில் போய்ப் பார்க்கிற ஒருவர், அவருடைய சம்பளம், மோட்டார் சைக்கிள், பெற்றோல், ஃபோன் காசு. ஊசிக்கும் கட்டிலுக்கும் கணக்கு எழுதலாம், தேடிப் போகிற நடைக்கு எழுத வழியில்லை என்று நிதிப் பக்கத்தில் சொல்வார்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த ஒரு சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு வைத்தார்கள். 2017இல் எட்டு மாநிலங்களில் தொடங்கினார்கள். ஒரே நிலையத்தின் பொறுப்பில் உளநலமும் போதையுமாக ஒன்பது சேவைகள். ஊசிக்கு இவ்வளவு என்றில்லாமல், உண்மையில் ஆகும் செலவைப் பார்த்து நாளுக்கோ மாதத்துக்கோ ஒரு தொகை கொடுக்கிறார்கள். தேடிப் போகிற நடையும் அந்தத் தொகைக்குள் அடங்கும். அவர்களுடைய காசு நம்மிடம் இல்லை, அந்தக் கணக்கு முறையை எடுக்கலாம்.

ஆளணிப் பக்கத்தை நானே எழுதி ஞாயிறுக்குள் அனுப்புகிறேன். கட்டடத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று நீ பார். பெற்றோல் காசை மட்டும் யார் சொன்னாலும் வெட்ட விடாதே, மச்சான்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்