வட்டச் செயலாளர் தம்பிக்கு

தம்பி,

வணக்கம். தெருமுனையில் ஷாமியானா போட்டு நீங்கள் நடத்திய குறைகேட்புக் கூட்டத்தில் நானும் இருந்தேன், பின்வரிசையில். அங்கேயே எழுந்து பேசியிருக்கலாம். ஆனால் உங்களோடு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதைச் சொன்னாலும் வாட்ஸப்பில் அது சண்டையாகத்தான் ஓடும். அதனால் கடிதம். தம்பிக்குக் கடிதம் எழுதியே கட்சி வளர்த்த ஊர்தானே இது, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் உங்களுக்குத்தான் சீட் என்று தெருவில் பேச்சு. கிடைக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றாலும் போனை எடுக்கிற ஆள் நீங்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு உறுத்துவது, மைக்கைப் பிடித்ததும் உங்களுக்கு வருகிற அந்தக் குரல்.

இட்லிக் கடை அம்மா கேட்டது ஒரே கேள்வி. புதுசாகக் கட்டிய மழைநீர் வடிகாலில் ஏன் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது? நீங்கள் சிரித்தீர்கள். "அம்மா, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், சொன்னா உங்களுக்குப் புரியாது. மிக்ஜாம் புயலுக்கு ஆறாயிரம் குடுத்தோமே, வாங்குனீங்கதானே?" முன்வரிசை கைதட்டியது. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு என்ன புரியும் என்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போகணும். இப்போது ஒரு படி இறங்கிப் போகணும். வீடு அப்படியேதான் இருக்கிறது, ரோடுதான் ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பழசைச் சுரண்டி எடுத்த பிறகுதான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். அதுவும் அவருக்குத் தெரியும், ஒரு முறை ரோடு போட வந்தவர்களிடம் அதைச் சொல்லித்தான் சண்டைக்கு நின்றார். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது, 2023 டிசம்பரில் எதுவரை நின்றது என்று கடைச் சுவரில் கரிக்கோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள். புது வடிகாலில் ரோட்டுத் தண்ணீர் விழுகிற வாய் ரோட்டைவிட நாலு விரல் மேலே இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறி உள்ளே விழுமா என்பதுதான் அவர் கேட்க வந்தது. உங்கள் டெக்னிக்கல் விஷயம் மொத்தமே அவ்வளவுதான்.

இதையெல்லாம் நாங்கள் எங்கே கற்றோம் என்கிறீர்களா? 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல் 200 வார்டிலும் கவுன்சிலர் என்று ஒருவர்கூடக் கிடையாது. மூடியில்லாத சாக்கடை என்றாலும் எரியாத தெருவிளக்கு என்றாலும் நாங்களேதான் மாநகராட்சியின் புகார் லைன் 1913-க்கு போன் போட்டோம், புகார் எண்ணை எழுதி வைத்தோம், மண்டல அலுவலகத்துக்கு நடந்தோம். அதற்கும் மசியாவிட்டால் ஆர்டிஐ, அதுதான் தகவல் கேட்டு மனு. நடந்து நடந்து எந்த இன்ஜினியர் எந்த மேஜையில் உட்கார்வார் என்பது வரை தெரிந்துபோனது.

அப்புறம் அந்த ஆறாயிரம். ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று வாங்கினோம், உண்மைதான். அந்த நேரத்துக்கு உதவியது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அது யார் வீட்டுப் பீரோவிலிருந்து வந்தது? குளிக்கிற சோப்புக்குக் கட்டும் ஜிஎஸ்டியில் பாதி மாநிலத்துக்குப் போகிறது. 2022-ல் ஏற்றிய சொத்து வரியை வீட்டுக்காரர் எங்கள் வாடகையில் ஏற்றிவிட்டார். டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடக்கிறாரே நம் பெயிண்டர், அவரைப் போன்றவர்கள் வழியாக 2023-24-ல் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கும் மேல். கணக்குப் பார்த்தால் இந்தத் தெருவின் பெரிய புரவலர் அவர்தான். கவுன்சிலர்களுக்கு 2023-லிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. நாளைக்கு நீங்களும் வாங்குவீர்கள். மைக்கில் கூப்பிட்டு "வாங்குனீங்கதானே?" என்று உங்களை யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் கட்சியை மட்டும் குத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்தில் ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கதை ஊருக்கே தெரியும். 2022-ல் பெண்கள் பஸ்ஸில் "ஓசி"யில் போவதாக மேடையில் பேசினார் ஓர் அமைச்சர். அதே வருஷம் டெல்லியிலிருக்கிற பிரதமர் இலவசங்களை எள்ளு மிட்டாய் என்று கேலி செய்தார். எந்தக் கொடி பறந்தாலும் மேடையில் இருப்பவருக்குக் கீழே இருப்பவர்கள் கை நீட்டும் குழந்தைகளாகத்தான் தெரிகிறார்கள் போல.

அந்தக் கும்பிடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த அம்மாவின் மாமியாருக்கு முதியோர் பென்ஷன் இழுத்துக்கொண்டிருக்கிறது. நடைபாதையில் கடை போட்டிருக்கிறார், நாளைக்கே யாராவது வந்து தூக்கச் சொல்லலாம். உங்களை ஒரு போன் போட வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பணம் கட்டுகிற மாதிரிதான் எங்கள் கும்பிடெல்லாம். நீங்கள் பைக்கில் ஏறிப் போன பிறகு கடையில் அவர் சொன்னது இது: "புள்ள சோக்காத்தான் பேசுது. கேட்டதுக்கு பதில்தான் வர்ல." சுற்றி நின்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஓட்டு யாருக்கு என்று முடிவு செய்வது இந்த மாதிரிப் பேச்சுதான், ஷாமியானாவுக்குள் கேட்கிற கைதட்டல் இல்லை.

2022 நவம்பர் 1 அன்று ஏரியா சபை என்று ஒன்றை முதல்முறையாக நடத்தினார்கள், ஞாபகம் இருக்கும். வாக்காளர் பேச, பிரதிநிதி கேட்கிற இடம். அடுத்தது நடக்கும்போது கவுன்சிலரிடம் சொல்லி, வடிகால் வேலையைப் பார்த்த இன்ஜினியரையும் வரச் சொல்லுங்கள். லெவல் போட்ட வரைபடத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சால்வை, மாலை, வீடியோ எதுவும் வேண்டாம். இட்லிக் கடை காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும், கூட்டத்தைப் பதினொன்றுக்கு வைத்தால் அந்த அம்மாவால் வர முடியும்.

அன்புடன்,
பின்வரிசை அக்கா