டெம்போக்காரருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா போட்ட வரி பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில் ஒரு ஆலோசகர் திருப்பூர் முதலாளிகளுக்கு யோசனை சொல்லியிருந்தார். கஷ்ட காலத்தில் தொழிலாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து மனம்விட்டுப் பேசினால் நம்பிக்கை தானாக வந்துவிடுமாம். உட்கார வைத்து! நான் 19 வருஷமாக பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள்.

2025 ஆகஸ்ட் 27-ல் அந்த வரி 50 சதவீதம் ஆனது உங்களுக்குத் தெரியாததா? எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்துக்கு நாலு நாள். சூப்பர்வைசரைக் கேட்டால் "மேல கேட்டுச் சொல்றேங்க்கா" என்பார், அந்த மேலே எவ்வளவு மேலே என்று இன்னும் பிடிபடவில்லை. கடைசியில் அட்டைப்பெட்டி இறக்க வரும் டெம்போக்காரர்தான், "இந்த மாசம் பெட்டியே வேண்டாம்னுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

2011-ல் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அந்தக் கம்பெனி முதலாளி ஒரு பெரியவர், கட்டிங் டேபிள் பக்கத்தில் வந்து நின்று, சனிக்கிழமை பாதிச் சம்பளம்தான் தர முடியும், மீதியை நோட்டில் எழுதி வைக்கிறேன் என்றார். எழுதினார், கொடுத்தார். பேச்சு ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. ஒருத்தரும் வேலையை விட்டுப் போகவில்லை.

இப்போதுள்ள இடத்தில் 2020 ஊரடங்கில் ஆளுக்கு மூவாயிரம் உதவி என்று கொடுத்து, வரிசையில் நிற்க வைத்து போட்டோவும் எடுத்தார்கள். கம்பெனி திறந்ததும் ஆறு தவணையில் பிடித்தார்கள். பிடித்தது தப்பில்லை, அட்வான்ஸ் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். பி.எஃப். கதை அதைவிட மோசம். சம்பளத்தில் மாசாமாசம் பிடித்ததில் ஏழு மாசப் பணம் கணக்கில் ஏறவே இல்லை. ஆபீசில் கேட்டால் சர்வர் பிரச்சினையாம். ஏழு மாசமாகவா ஐயா சர்வர் படுத்துக் கிடக்கும்?

மனம்விட்டெல்லாம் பேச வேண்டாம். அடுத்த வாரம் எத்தனை நாள் வேலை என்று சனிக்கிழமை சாயங்காலம் போர்டில் எழுதினால் போதும். குழுக் கடன் தவணை செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறது. லைனில் இருக்கும் ஒடிசாப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போக மட்டும் டிக்கெட் எடுப்பதா, திரும்பி வரவும் சேர்த்து எடுப்பதா என்று தெரியாமல் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாளிக்கும் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பேங்க்காரன் அவரை விடமாட்டான். ஆனால் பேங்க்குக்கு மாசாமாசம் கணக்குக் காட்டுகிறவர் எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடக் கூடாதா?

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். பி.எஃப். இருப்பு எவ்வளவு என்று மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்கும் நம்பரை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணோடு பதிந்திருக்கும் செல்போனிலிருந்து கூப்பிட்டால்தான் வரும், அதையும் சேர்த்துப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்கள் செக்கிங்கில் பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது.

பெயர் வேண்டாம்,
ஒரு செக்கிங் தொழிலாளி, திருப்பூர்