அந்தத் தோள் வலி கற்பனை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகி, தடுப்பூசி போட்டு மாதக்கணக்கில் ஆகியும் தோள் வலி போகவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும், அதற்குமேல் வலித்தால் அது மனசுதான் என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, அங்கே இதை வைத்து வழக்குப் போட்டுப் பணம் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி வேறு.

நானும் அங்கேதான் இருக்கிறேன், நியூ ஜெர்சியில். நானும் இழப்பீடு கேட்டு மனுப் போட்டவள்தான்.

ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்தேன், போட்டவர் நின்றுகொண்டிருந்தார். கைப்பகுதியைச் சுருட்டி மேலே ஏற்றாமல், சட்டையைக் கழுத்துப் பக்கமாக இழுத்து இறக்கித் தோளின் உச்சியிலேயே குத்தினார். சட்டையை அப்படி இழுத்தால் தோளின் மேற்பகுதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஊசி இறங்க வேண்டிய இடமோ தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாய்டு என்ற மேல்கைத் தசை தடித்திருக்கும் இடம். மேலே போட்டால், தசைக்குப் போக வேண்டிய மருந்து மூட்டை ஒட்டிய பர்சா என்ற சிறு பைக்குள் போய்விடலாம். அங்கே அழற்சி உண்டாகி, தசைநார் கெட்டு, சிலருக்குத் தோளே இறுகிப் போகிறது. சிர்வா என்று இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. தடுப்பூசி மருந்தை நான் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று, நானும் வருடா வருடம் மறு கையில் போட்டுக்கொள்கிறேன். போட்ட விதத்தில்தான் தவறு.

அன்று இரவே வலி வந்தது. தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. முதலில் பார்த்த மருத்துவர், நாற்பது தாண்டிய பெண்களுக்கு இது சகஜம் என்று அனுப்பிவிட்டார். வலி ஊசிக்குப் பிறகு வந்தது என்று நான் சொன்னதை அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. மருந்துக்கடைப் பதிவிலோ ஊசி போட்டது வலது கை என்று இருக்கிறது. எனக்கு வலிப்பது இடது கை. இந்த இரண்டு காகிதங்களோடுதான் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பணம் பார்ப்பது என்றீர்களே, அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 1986-இல் வந்த சட்டப்படி அங்கே தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரியாகப் பிடித்து அதற்கான நிதியைச் சேர்க்கிறார்கள். மருந்துக்கடை மீதோ ஊசி போட்டவர் மீதோ யாரும் எடுத்த எடுப்பில் வழக்குப் போடுவதில்லை. மனு போவது கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு. தோள் காயத்தை 2017-இல் அரசே இழப்பீட்டுக்குரிய காயங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்படி இழப்பீடு கிடைக்க, ஊசி போட்ட தோளில் முன்பு தொந்தரவு இருந்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்க வேண்டும். கற்பனை வலிக்காரி இத்தனையையும் தாண்டி வருவாளா? வேதனைக்கென்று கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 2,50,000 டாலர். 1986-இல் வைத்த அந்த எண்ணை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. வழக்கறிஞர் கட்டணத்தையும் திட்டமே தனியாகக் கொடுக்கிறது, அவர் நம் தொகையில் கைவைக்க முடியாது.

இந்தக் காயத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட 2021 ஜனவரியில் ஆணை போட்டார்கள். ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மாதங்களில் எங்களைப் போன்றவர்களைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. கோவிட் தடுப்பூசியில் தோள் போனவர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களை வேறு திட்டத்தில் தள்ளியிருக்கிறார்கள். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, நீதிமன்றம் கிடையாது, பட்ட வேதனைக்கு ஒரு காசும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிசேரியனுக்குப் பிறகு முதுகு வலி என்று எழுதியவருக்கும், மாதவிடாய் நிற்கும் வயதில் மூட்டு வலி என்று எழுதியவருக்கும் மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்னது இதே பகுதிதான். அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன், வெளியாகவில்லை. பல வருடங்களாகச் சந்தா கட்டிப் படிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், பெண்கள் வலிக்கிறது என்று சொன்னால் அதை நம்புவதில் உங்களுக்கு என்ன சிரமம்?

சரி, நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்தப் பதிலோடு நீங்கள் போட்டிருந்த படத்திலும் ஊசி தோளின் உச்சியில்தான் இறங்குகிறது. சரியான இடத்தைக் காட்டும் படம் ஒன்றைப் போடுங்கள். அதன் கீழே, அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்காக, ஃப்ளூ ஊசி போன்றவற்றுக்கு முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதையும், முதல் தடவை மருத்துவரைப் பார்க்கும்போதே ஊசி போட்ட தேதியையும் எந்தக் கை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். உங்களுக்குக் கேள்வி அனுப்பிய அந்த வாசகிக்குக் கெடு இன்னும் முடிந்திருக்காது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி வாசகி