கேள்விக்குப் பதில் வந்த பிறகு அனுமதி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யுரேனியச் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் வேலைவாய்ப்பைப் பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் எனக்கு ஆகஸ்ட் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. துணிக்கொடியெல்லாம் சுரங்கக் கழிவுமேட்டுத் தூசி!

எங்கள் தங்கச் சுரங்கப் பகுதியான விட்வாட்டர்ஸ்ராண்டின் பாறையில் தங்கத்தோடு யுரேனியமும் கலந்தே கிடக்கிறது. 1952 முதல் பிரித்தெடுக்கிறார்கள். யுரேனியத்தை எடுத்த பின்னும் தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 விழுக்காடு கழிவிலேயே தங்கிவிடும். கதிர்வீசும் தனிமங்களான ரேடியமும் தோரியமும் அதில்தான். 2002இல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து அமில நீர் வெளியே பொங்கியதே, அதற்கு யார் பொறுப்பு என்பதே பெரிய சர்ச்சையாகிவிட்டது.

அண்மையில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரை யார், எப்போது சோதிப்பார்கள் என்று கேட்டேன். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று அறிக்கையில் ஒரு வரி. என் பேரன் வீட்டுப்பாடத்தை இப்படி எழுதி வந்தால் விடுவேனா?

உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழல் நம் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தரும் உரிமை. எனவே அனுமதி ஆணையிலேயே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். தூசி, நீர் அளவீடுகளை மாதந்தோறும் ஊரறிய வெளியிட வேண்டும். சுரங்கத்தை மூடிச் சீரமைக்கும் பணத்தை, முதல் வெடி வைக்கும் முன்பே முழுதாகக் கட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
லெனேசியா, ஜோஹானஸ்பர்க்