வெப்பநிலை ஏறும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மகளிர் இணைப்பில், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கென்று ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் கட்டம் கட்டி ஒரு குறிப்பு. தினமும் காலையில் உடல் வெப்பநிலையைக் குறித்து வர வேண்டும், அது ஏறுகிற நாள்தான் கணவனும் மனைவியும் சேர வேண்டிய நாள் என்று போட்டிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. அதே தப்பை வேறோர் இடத்தில் படித்து நம்பி, பதினோரு மாதத்தை விட்டவள் நான்.

எனக்கு 31 வயது. கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவர் இரவு நேரச் சென்னை பஸ் ஓட்டுகிறார். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, தெர்மாமீட்டர் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்குப் போதாது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுவதாக வேண்டும், ஏனென்றால் நாம் தேடும் மாற்றமே அரை டிகிரி, மிஞ்சினால் ஒரு டிகிரி பாரன்ஹீட்தான். கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, வாய் கொப்பளிக்காமல், யாரிடமும் பேசாமல் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். அதற்கு முன் மூன்று, நான்கு மணி நேரமாவது விடாமல் தூங்கியிருக்க வேண்டும். நான் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணிதான்.

வாயில் குச்சியோடு படுத்திருப்பதை ஒரு நாள் அத்தை பார்த்துவிட்டார். "என்ன அம்மிணி, மேலுக்குச் சுகமில்லையா?" விஷயத்தைச் சொன்னேன். மறுநாளில் இருந்து என் நோட்டை அவரும் பார்க்கத் தொடங்கினார். பாதி மாதம் வரை 97.20, 97.15, 97.30 என்று இருந்தது, பதினெட்டாம் நாள் வாக்கில் 97.85, 97.90 என்று ஏறி அங்கேயே நின்றது. "பாரு, சூடு ஏறிப்போச்சு. சூட்டு உடம்புல எப்படித் தங்கும்?" என்று சொல்லி ஊறவைத்த வெந்தயம், இளநீர், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். பாவம், அக்கறையில்தான் செய்தார். ஆனால் அந்த ஏற்றம் நம் ஊரில் சொல்லும் சூடு இல்லை. கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் சுரக்கிறது. வெப்பநிலையை ஏற்றுவது அதுதான். அதைக் குளிர வைக்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டை வெளியாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

ஏறியதைப் பார்த்ததும் நான் கணவருக்குப் போன் போடுவேன். அவர் யாரிடமாவது டூட்டியை மாற்றிக்கொண்டு வருவார். கேட்டவர்களிடம் "வீட்டுல ஒரு விசேஷம்" என்று சொல்லியிருக்கிறார். மாதாமாதம் விசேஷம் என்றால் டிப்போவில் சும்மா இருப்பார்களா? நாலாவது மாதம் ஸ்வீட் கேட்டே விட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்தும் என்னிடம் பேசவில்லை.

ஒரு வருடம் நெருங்கியபோது திருச்சியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். பதினோரு மாத நோட்டையும் கொண்டு போயிருந்தேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "முட்டை ஒழுங்காக வெளியாகிறது. ஆனால் வெப்பநிலை ஏறுவதே அதற்குப் பிறகுதான். வெளியான முட்டைக்கு ஆயுள் 12 மணியிலிருந்து 24 மணி நேரம். நீங்கள் பார்க்கும்போது பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் கணவர்தான், "அப்போ இது டைம் கீப்பர் நோட்டு. வண்டி போன பிறகு போடுற என்ட்ரி" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு, "அதேதான். மூன்று மாத என்ட்ரியைப் பார்த்தால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியுமல்லவா?" என்றார்.

அந்தக் கணக்கைத்தான் உங்கள் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். ஆணின் உயிரணு உள்ளே ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள். எனக்குப் பதினெட்டாம் நாள் ஏறுகிறது என்றால், நான் பார்க்க வேண்டியது ஏறக்குறைய பன்னிரண்டில் இருந்து பதினேழு. (இந்த எண்ணிக்கை, மாதவிலக்கு ஆரம்பித்த முதல் நாளில் இருந்து. நான் முதல் இரண்டு மாதம் தலைக்குக் குளித்த நாளில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.)

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். அந்த நாட்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழவென்று, இழுத்தால் நீளும்படி வெள்ளைப்படும். தெர்மாமீட்டர் போலில்லாமல், இது முன்கூட்டியே சொல்லும் அடையாளம். எனக்கு அது வயசுக்கு வந்த நாளில் இருந்து உண்டு. வெள்ளைப்படுதல் என்றாலே பலவீனம், வியாதி என்று கேட்டு வளர்ந்தவள், யாரிடமும் சொன்னதில்லை. அரிப்பு, நாற்றம், நிற மாற்றம் இருந்தால் காட்ட வேண்டும். மற்றபடி அது நல்ல அறிகுறி என்று எனக்கு 31 வயதில்தான் தெரிகிறது.

இந்த நோட்டு எல்லோருக்கும் உதவும் என்றும் சொல்ல முடியாது. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், தூக்கம் கெடுகிறவர்களுக்கும் படம் குழம்பிவிடும். காய்ச்சல் வந்தால் அந்த மாதக் கணக்கு போச்சு. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஏற்றமே தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஒரு வருடம் முயன்றும் நிற்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு பேரும் போக வேண்டும். பதினோரு மாதம் நான் அலாரம் வைத்து எழுந்தேன், வெந்தயம் குடித்தேன். அவருக்கும் ஒரு விந்துப் பரிசோதனை எடுக்கலாமே என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வரவில்லை. மருத்துவர் முதல் நாளே எழுதிக் கொடுத்தார். மறு வாரமே எடுத்தோம், நார்மல்.

நாட்களை மாற்றிய நான்காவது மாதம் வெப்பநிலை ஏறி, இறங்கவே இல்லை. ஏறிப் பதினெட்டு நாள் தாண்டியும் 97.95. இப்போது எனக்கு ஏழாம் மாதம். நாட்களை மாற்றியதால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மாற்றாமலேயே நின்றிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஐந்து மணி அலாரத்தைத் தப்பான நாளுக்காக இன்னொருத்தி வைக்கக் கூடாது.

ஒரு திருத்தம் போடுங்கள். அதே இணைப்பில், அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். உள்பக்க மூலையில் போட்டால் எங்கள் அத்தை கண்ணில் படாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர்.