2024-25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவுல செயலாளர் வாசிச்சது

தலைவர் அண்ணாச்சிக்கும் பொருளாளர் அக்காவுக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு வந்திருக்கிற உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் நம்ம சினிமா விவாதச் சங்கத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். வரவு செலவ அக்கா தனியா வாசிப்பாங்க, நான் அதுக்குள்ள போகல. ஹால் வாடகை இந்த வருஷம் ஏறிருச்சு, அதனால சந்தா பாக்கி இருக்கிறவங்க இன்னைக்கே குடுத்துட்டா நல்லா இருக்கும்.

முதல்ல அஞ்சலி. 2024 நவம்பர்ல டெல்லி கணேஷ் சார் போயிட்டாரு. வல்லநாட்டுக்காரரு, நம்ம திருநெல்வேலியில இருந்து தூத்துக்குடி போற ரோட்டுல இருக்கிற ஊரு. விமானப் படையில வேலை பாத்துட்டு, டெல்லியில நாடகம் போட்டு, அப்புறம் பாலசந்தர் கைப்பட்டு சினிமாவுக்கு வந்தவரு. அந்த மாசக் கூட்டத்துல அவர பத்தி மட்டும்தான் பேசினோம். 1987ல நாயகன்ல கூடவே நிக்கிற ஐயரு, 1989ல அபூர்வ சகோதரர்கள்ல வில்லன்ல ஒருத்தன், 1990ல மைக்கேல் மதன காமராஜன்ல பாலக்காட்டு சமையக்காரரு, நாலு வருஷத்துக்குள்ள இந்த மூணயும் செஞ்சவரு ஒரே ஆளுன்னு நம்ம காலேஜ் பசங்களுக்கு நம்பவே முடியல. அதுல ஒருத்தன் "அண்ணாச்சி, மேக்கப்பே மாறலயே, எப்படி வேற ஆளா தெரியுறாரு"ன்னு கேட்டான். இந்த வருஷம் கேட்டதுலயே நல்ல கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது.

போன பொதுக்குழுவுல ஒரு தீர்மானம் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூட்டத்துல யாரும் "படம் சூப்பர்", "படம் மொக்க"ன்னு ஆரம்பிக்கக் கூடாது, எந்த சீன் பிடிச்சுது, எந்த சீன்ல கைவிட்டுச்சு, அத மொதல்ல சொல்லிட்டுத்தான் கருத்து. அதோட படம் வந்து ரெண்டு ஞாயிறு தாண்டினப்புறம்தான் விவாதம். ரெண்டாவது விதிய பத்தி ஏகப்பட்ட முணுமுணுப்பு இருந்துச்சு, சூடு ஆறிப்போயிரும்னு சொன்னாங்க. ஆறல. ஆறாதது மட்டுமில்ல, முதல் நாள் கத்தினவங்க ரெண்டு வாரம் கழிச்சு வேற மாதிரி பேசினத நாம எல்லாரும் பாத்தோம்.

விதிய வச்சு நடந்த முதல் பெரிய சண்டை மகாராஜாவுக்குத்தான். ஜூன் மாசம் வந்துச்சு, விஜய் சேதுபதிக்கு அம்பதாவது படம். டைரக்டர் நித்திலன் காலத்த முன்னையும் பின்னையும் மாத்திப் போட்டு திரைக்கதை பண்ணின விதத்த எல்லாரும் பாராட்டினாங்க, "லட்சுமிய காணோம்"னு சலூன் கடைக்காரரு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு குப்பைத் தொட்டிக்காக புகார் குடுக்கிறதும், போலீஸ்காரங்க சிரிக்கிறதும், நாமளும் கூடச் சிரிக்கிறதும், கடைசியில அந்தச் சிரிப்புக்கே நாம கூசிப்போற மாதிரி ஆகுறதும் பெரிய வேலைதான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா மகளிர் அணியில இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு, அந்த சலூன்காரரு மகளுக்கு நடந்த கொடுமைய ட்விஸ்ட்டுக்காக ஒளிச்சு வச்சிருக்காங்கல்ல, அது சரியான்னு கேட்டாங்க. அவ வலி அவளோடதா இல்லாம திரைக்கதைக்கு ஒரு சாவி ஆயிருச்சுன்னாங்க. அதுக்கு எதிர்த்தரப்பு, கடைசியில அந்தப் பொண்ணே எந்திரிச்சு வந்து கொடுமை பண்ணினவன் முன்னாடி நின்னு பேசுறாளேன்னு சொன்னாங்க. என் மனசு அக்கா பக்கம்தான். ஒரு சீன் முன்னாடி நின்னு பேசிட்டா படம் முழுக்க ஒளிச்சு வச்சதுக்கு ஈடாகாது. ஆனாலும் அந்த சீன் இல்லாட்டி படம் இன்னும் மோசமா போயிருக்கும்ங்கிறதையும் ஒத்துக்கிறேன்.

ஆகஸ்ட் 23. நம்ம சங்கத்துக்கு இந்த வருஷத்துல முக்கியமான தேதி அதுதான். ஒரே நாள்ல வாழையும் கொட்டுக்காளியும் வந்துச்சு. ரெண்டையும் ஒரே கூட்டத்துல வச்சுக்கிடலாம்னு நெனச்சோம், ஹால் பூட்டுற நேரம் தாண்டியும் முடியல, அடுத்த மாசத்துக்கும் இழுத்துக்கிட்டுப் போனோம்.

வாழை நம்ம மண்ணு. மாரி செல்வராஜ் தன் சின்ன வயசுல, 1999ல நடந்த லாரி விபத்த வச்சு எடுத்தது. நம்ம உறுப்பினர்ல ஒரு அண்ணாச்சி கமிஷன் கடையில வாழத்தார் எறக்குற வேலை பாத்தவரு, வழக்கமா கூட்டத்துல வாயே தெறக்க மாட்டாரு. அன்னைக்கு அவருதான் மொதல்ல பேசினாரு. பையன் தாரத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல நடக்கும்போது கழுத்து எந்தப் பக்கம் சாயுது, பாதம் சகதியில எப்படி அழுந்துது, வீட்டுக்கு வந்ததும் கழுத்த அசைக்க முடியாம படுக்கிறது, இத எல்லாம் சொல்லிட்டு, "இது தெரிஞ்சவன் எடுத்த படம்"னு ஒரே வரியில உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் யாரு என்ன விமர்சனம் சொன்னாலும் அந்த வரியத் தாண்டித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

சொன்னாங்க, சொல்லாம இல்ல. டீச்சர் மேல பையனுக்கு இருக்கிற பிரியத்த காட்டுற பகுதி நீளம்னு பாதிப்பேர் சொன்னாங்க. எனக்கு அது நீளமா தெரியல, சனி ஞாயிறு வந்தாலே சுமையத் தூக்கணும்ங்கிற பையனுக்கு ஸ்கூல் எதுக்கு சொர்க்கமா இருக்குன்னு அந்தப் பகுதிதான் சொல்லுது. எனக்குக் குறையாப் பட்டது கடைசி அரை மணி நேரத்து இசை. செத்தவங்கள வரிசையா கிடத்தியிருக்கிற ஊருல, பசி தாங்க முடியாம ஒரு பையன் வீட்டுக்குள்ள போயி சோத்துல கை வைக்கிறான், அதப் பாக்கும்போதே நெஞ்சு அடைச்சிருது, அதுக்கு மேல வயலின் வந்து "அழு அழு"ன்னு தள்ள வேண்டியதில்ல. இன்னொண்ணு, இது என் கருத்து மட்டுமில்ல, கூட்டத்துல பலரும் சொன்னது: தாருக்கு ஒரு ரூபா கூலி ஏத்திக் கேட்டதுக்காக வேற வண்டி கிடையாது, லோடு லாரி மேலயே ஏறிப் போங்கன்னு வியாபாரி சொல்ற இடம்தான் படத்தோட உயிர்நாடி, அத ரெண்டு நிமிஷத்துல கடந்து போயிட்டாங்க. விபத்து விதியால வந்த மாதிரி சிலருக்குத் தோணிருச்சு. அந்த ஒரு ரூபாய இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா விதின்னு யாரும் சொல்லியிருக்க முடியாது.

கொட்டுக்காளிக்கு நெலம வேற. பி.எஸ். வினோத்ராஜ் படம், ஒரு பொண்ணுக்குப் பேயோட்ட சாமியாடிகிட்ட ஷேர் ஆட்டோவுல கூட்டிட்டுப் போற கதை, பெர்லின் விழாவுக்குப் போயிட்டு வந்தது, பின்னணி இசையே கிடையாது. நம்மாளுங்கள்ல பாதிப்பேர் "முடிவே இல்லயே அண்ணாச்சி"ன்னு கோவமா வந்தாங்க. அப்ப நம்ம விதி கைகுடுத்துச்சு. முடிவ விடுங்க, எந்த சீன் ஞாபகம் இருக்கு சொல்லுங்கன்னு தலைவர் கேட்டாரு. ஷேர் ஆட்டோவ ஒரு காள மாடு வழிமறிச்சு நிக்குது, மீசை வச்ச ஆம்பளைங்க அத்தன பேரும் என்ன பண்றதுன்னு தெரியாம நிக்காங்க, ஒரு சின்னப் பொண்ணு வந்து அத அப்படியே கூட்டிட்டுப் போயிருதுன்னு கோவமா வந்தவங்களே ஒவ்வொருத்தரா சொன்னாங்க. சூரி தொண்டையில சுண்ணாம்பு தடவிக்கிட்டு குரல் வராம கத்துறது, கால் கட்டின சேவல், படம் முழுக்கப் பேசாத அன்னா பென் ஒரே ஒரு தடவ வாயத் தெறக்கிறது, இத எல்லாம் ரெண்டு வாரம் கழிச்சும் வரிசை மாறாம சொன்னவங்களுக்குப் படம் பிடிக்கலன்னு எப்படி எழுதுறது? பிடிக்கலன்னுதான் சொன்னாங்க, அப்படியே நடவடிக்கைப் புத்தகத்துல எழுதியிருக்கேன், கூடவே அவங்க சொன்ன சீனையும் எழுதியிருக்கேன்.

முடிவ பத்தி என் கருத்த பதிவு பண்ணிக்கிறேன். சாமியாடி இன்னொரு பொண்ணுக்குப் பேயோட்டுற லட்சணத்த சூரி செஞ்ச பாண்டி கண்ணால பாத்துட்டான். இனி அன்னா பென் செஞ்ச மீனாவ அங்க கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு அவந்தான் முடிவு பண்ணணும். டைரக்டர் அவனுக்காக முடிவு பண்ணிக் குடுத்திருந்தா நாம நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்போம். படத்துக்குக் குறைன்னு நான் சொல்றது வேற, நடுவுல வண்டி நின்னு நின்னு போற இடங்கள்ல ரெண்டு மூணு தடவ ஒரே விஷயத்தையே திரும்பச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

செப்டம்பர்ல லப்பர் பந்து, கிரிக்கெட் படம். இதுக்கு சண்டையே வரல, வஉசி மைதானத்துல விளையாடுற பசங்க, தினேஷ் செஞ்ச கெத்து பேட்டிங் இறங்கும்போது பொன்மனச் செல்வன் படத்துப் பாட்டு போடுற இடத்த செஞ்சே காட்டினாங்க. சுவாசிகா டிராக்டர கொண்டாந்து பிட்ச்ச உழுது போடுறத மகளிர் அணி கைதட்டி வரவேத்துச்சு. ஹரிஷ் கல்யாண் செஞ்ச அன்புவ டீம்ல சேக்காததுக்கு சாதிதான் காரணம்ங்கிறத ஒளிவு மறைவு இல்லாம சொன்னது பலம், அந்தக் கோவம் ரொம்ப சுளுவா கரைஞ்சு போயிருதுங்கிறது ஒரு தரப்பு. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

மெய்யழகன் கூட்டத்துல நடந்தத கொஞ்சம் விரிவா சொல்லணும். செப்டம்பர் 27 ரிலீஸ், மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. நீளம் நீளம்னு சத்தம் வந்ததும் சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. நம்ம கூட்டத்துல ஒருத்தர் ஜல்லிக்கட்டுக் காளைய பத்தி கார்த்தி பேசுறத பாராட்டிப் பேச, இன்னொருத்தர் "அப்படி ஒரு சீனே இல்லயே"ன்னு சொல்ல, பொய் சொல்றீரா நானா பொய் சொல்றேன்னு குரல் ஏறிருச்சு. ரெண்டு பேரும் சொன்னது உண்மை. ஒருத்தர் முதல் நாள் பாத்தவரு, இன்னொருத்தர் அடுத்த வாரம் பாத்தவரு. ஒரே பேருல ரெண்டு படத்தப் பாத்துட்டு வந்து விவாதம் பண்ணிருக்கோம்.

நான் முழுசாத்தான் பாத்தேன். ராத்திரி கார்த்தியும் அரவிந்த்சாமியும் உக்காந்து கதை அளக்கிறது நீளம்தான். சொந்த ஊர விட்டுப் போனவன் பேரு கூட ஞாபகம் இல்லாத ஒருத்தனோட ஒரு ராத்திரிய கழிக்கிறான், விடியிற வரைக்கும் பேசினாத்தான் காலையில அவன் கூசிக்கிட்டு சொல்லாம கொள்ளாம ஓடுறதுல அர்த்தம் இருக்கு. கல்யாண மேடையில தங்கச்சிக்கு குனிஞ்சு கொலுசு போட்டு விடுற சீன் எல்லாருக்கும் பிடிச்சுது, அதுவும் அவசரமே இல்லாத சீன்தான. பொறுமை ஒரு இடத்துல பலம், இன்னொரு இடத்துல குறைன்னு சொல்றவங்க எங்க குறைன்னு காட்டணும். சிலர் காட்டினாங்க, பழைய சரித்திரம் பேசுற பகுதி கார்த்தி பாத்திரத்துக்கு ஒட்டலன்னாங்க, அது நியாயமான விமர்சனம். ஆனா அத வெட்டணும்னு அர்த்தம் இல்ல.

இந்தியன் 2க்கும் ஜூலையில இதே மாதிரி 12 நிமிஷம் கொறச்சாங்க, நவம்பர்ல கங்குவாவுக்கும் வெட்டினாங்க. கங்குவாவுக்கு கூடுதலா இரைச்சல் பிரச்சனை, வால்யூம ரெண்டு பாயிண்ட் கொறச்சு வைக்கச் சொல்லி தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட சொன்னாரு. ஆளுங்க பேசுற வசனத்த விட மத்த சத்தம் கூடுதலா இருந்துச்சுன்னு நம்மாளுங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது இந்தப் படத்துக்கு மட்டும்தான். அந்தக் கால காட்டுப் பகுதியோட உழைப்ப பாராட்டினவங்களும் இருந்தாங்க. இந்த மூணு படத்துலயும் என் வருத்தம் மெய்யழகனுக்குத்தான். மத்த ரெண்டுலயும் வெட்டினப்புறமும் கோளாறு அங்கேயேதான் இருந்துச்சு, ஏன்னா கோளாறு நீளத்துல இல்ல.

அதே நவம்பர்ல தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர் வளாகத்துல யூடியூப் சேனல்கள விடாதீங்கன்னு கேட்டுச்சு, முதல் மூணு நாள் விமர்சனமே வரக் கூடாதுன்னு நடப்புத் தயாரிப்பாளர் சங்கத்துக்காரங்க உயர் நீதிமன்றத்துக்கும் போனாங்க, டிசம்பர்ல நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுக்க மறுத்துருச்சு. நம்ம சங்கத்துல இதப் பத்தி நல்லாவே பேசினோம். காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன் பிடிக்கலன்னு சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லக் கூடாது, இதுல எல்லாரும் ஒண்ணு. நாமளா ரெண்டு வாரம் காத்திருக்கிறது வேற, அடுத்தவன் நம்ம வாயப் பொத்துறது வேற. ஆனா படம் முடிஞ்சு வெளிய வர்றதுக்குள்ள மைக்க நீட்டுறவன்கிட்ட நாம சொல்ற அரை வரியும் சேந்துதான் ஒரு படத்த வெட்ட வைக்குதுங்கிறத நம்ம உறுப்பினர்கள் மனசுல வச்சுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

தீபாவளிக்கு வந்த அமரன்ல சாய் பல்லவிய பத்தி மாத்துக் கருத்தே வரல, மேஜர் முகுந்த் குடும்பத்துப் பக்கத்த காட்டின அளவுக்கு காஷ்மீர் சனங்க பக்கத்த காட்டலங்கிற குறைய ரெண்டு மூணு பேர் அழுத்திச் சொன்னாங்க, அது சரியாவே பதிவாகியிருக்கு. விடுதலை 2ல வாத்தியார் பேசிக்கிட்டே இருக்காருன்னு இளவட்டம், அந்தப் பேச்சுக்காகத்தான் படம்னு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். வாய் அசைவும் வசனமும் பல இடத்துல ஒட்டலங்கிறதுல மட்டும் ரெண்டு தரப்பும் ஒத்துப்போனாங்க. ஜனவரியில குடும்பஸ்தன், கடன் வாங்கி கடன அடைக்கிறவங்க எல்லாரும் சிரிச்சோம், ரெண்டாம் பாதியில அடி மேல அடி ஒரே மாதிரி விழுதுங்கிறது குறை. பிப்ரவரியில டிராகன், 48 அரியர் வச்சவன் போலி சர்டிபிகேட்ல மேல போனத கொண்டாடாம, மறுபடி காலேஜுக்கே அனுப்பி பரிச்சை எழுத வச்சது பெரிய துணிச்சல்னு நம்ம ஆசிரியர்கள் சொன்னாங்க. பொண்ணுங்க பாத்திரம் ரெண்டும் அவன் திருந்துறதுக்காகவே வந்து போற மாதிரி இருக்குன்னு பி.காம் படிக்கிற தங்கச்சி சொன்னா. அதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல.

வர்ற வருஷத்துக்கு மூணு கோரிக்கை வைக்கேன். இனிமே கூட்டத்துல பேசுறவங்க எந்தத் தேதியில பாத்தீங்க, தியேட்டர்லயா ஓடிடியிலயான்னு மொதல்ல சொல்லணும், நடவடிக்கைப் புத்தகத்துல அதுக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கேன். கொட்டுக்காளி மாதிரி படம் நம்ம ஊருல ஒரு வாரத்துல தூக்கிருதாங்க, அதனால அந்த மாதிரிப் படத்துக்கு முதல் வாரமே கூட்டமா போயி பாத்துட்டு, பேசுறத மட்டும் தள்ளி வச்சுக்கிடலாம், டிக்கெட் மொத்தமா எடுக்க பொருளாளர் அக்கா ஒத்துக்கிட்டாங்க. கமிஷன் கடை அண்ணாச்சி நிர்வாகக் குழுவுக்கு வரணும்னு பல பேரு கேட்டிருக்காங்க, நானும் முன்மொழியுறேன், யாராவது வழிமொழிஞ்சா இன்னைக்கே முடிச்சிரலாம்.

இந்த அறிக்கைய பொதுக்குழு ஏத்துக்கிடணும்னு கேட்டுக்கிறேன். திருத்தம் இருந்தா டீ வர்றதுக்கு முன்னாடி சொல்லிருங்க.